ஹார்வர்ட் பக்கத்தில் ஒரு வேலை

"உங்க வீட்டுக்காரருக்கு ஹார்வர்ட் பக்கத்துல வேலை கிடைச்சிருக்காமே! எப்போ கிளம்புறீங்க?"

வானொலி நிலையத்தில் செய்தி பரவும் வேகம் உங்களுக்குத் தெரியாது. காலை நிகழ்ச்சி முடிந்து ஒலிப்பதிவுக் கூடத்தை விட்டு வெளியே வருவதற்குள் மூன்று பேர் வாழ்த்திவிட்டார்கள். நான்காவது ஆள் கெடாக்காரர். அவர் மட்டும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தார். "பீடோங் ஹார்வர்ட்தானே?"

அதேதான். கெடா மாநிலத்தில் பீடோங் பக்கம் ஹார்வர்ட் என்று ஒரு தோட்டம் உண்டு. அந்தப் பெயரில் தமிழ்ப்பள்ளிகளும் உண்டு. "நான் ஹார்வர்ட்ல படிச்சவன், தெரியுமில்ல?" என்பது அந்த வட்டாரத்தில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் நகைச்சுவை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், செமிலிங்கில், ஜெராய் மலை தெரிகிற இடத்தில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2001ஆம் ஆண்டு சுங்கை பட்டாணியில் தொடங்கி, பிறகு செமிலிங்கில் சொந்த வளாகத்துக்கு வந்த பல்கலைக்கழகம். மருந்தியல் விரிவுரையாளரான என் கணவரைத்தான் அங்கே வேலைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். பதில் சொல்ல எங்களுக்கு ஒரு மாதம் இருந்தது.

நல்ல வேலை. நல்ல சம்பளம். வீட்டு வாடகை கோலாலம்பூரில் கொடுப்பதில் பாதிகூட வராது. அப்புறம் என்ன யோசனை என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு வயது முப்பத்தாறு. பதினோரு ஆண்டுகளாக வானொலியில் இருக்கிறேன். அதில் ஆறு ஆண்டுகளாகக் காலை ஆறு மணி முதல் பத்து மணி வரை நேரலை நிகழ்ச்சி என்னுடையது. செமிலிங்கில் எனக்கு என்ன வேலை?

ஏழு தவறிய அழைப்புகள்

நான் பெண்டாங்கில் பிறந்தவள். அலோர் செட்டாருக்குத் தெற்கே, நெல் வயல்களும் கித்தா மரங்களுமாக இருக்கும் ஊர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் போகிறவர்கள் பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே கடந்துவிடுவார்கள். அம்மா பால்மரம் வெட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். தோட்டத்தை விட்டு வந்து இப்போது பெண்டாங் பட்டணத்தின் ஓரம் சின்னத் தாமான் வீட்டில் தனியாக இருக்கிறார். பிரட்டுக்குப் போன காலத்துப் பழக்கம் இன்னும் விடவில்லை. காலை நாலரைக்கு எழுந்துவிடுவார். ஆறு மணிக்கு அடுப்படியில் வானொலி போடுவார். என் குரலைக் கேட்டுக்கொண்டுதான் பசியாறுவார்.

போன ஆண்டு ஒரு காலையில் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டார். எழுந்திருக்க முடியவில்லை. அரை மணி நேரம் கழித்து, பலகாரம் கொடுக்க வந்த பக்கத்து வீட்டு மாச்சிக்தான் பார்த்துக் காரில் ஏற்றி மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். போகும் வழியெல்லாம் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நேரலையில் இருக்கும்போது கைப்பேசியில் சத்தம் வைப்பதில்லை. பத்து மணிக்கு எடுத்துப் பார்த்தால் ஏழு தவறிய அழைப்புகள்.

எலும்பு முறிவு இல்லை, வெறும் சுளுக்குத்தான். ஆனால் அன்றைக்கு ராத்திரி நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா சாதாரணமாகச் சொன்ன ஒரு வார்த்தை இன்னும் என் காதில் இருக்கிறது. "கீழ கிடக்கும்போது உன் குரல் கேட்டுக்கிட்டுதான் இருந்துச்சு. என்னமோ சொல்லிச் சிரிச்சே. உன்னைக் கூப்பிடத்தான் முடியல."

கோலாலம்பூரிலிருந்து பெண்டாங் 400 கிலோமீட்டருக்கு மேல். காரில் போனாலும், இ.டி.எஸ். ரயிலில் குரூண் வரை போய் அங்கிருந்து வண்டி பிடித்தாலும், அரை நாள் போய்விடும். செமிலிங்கிலிருந்து என்றால் ஒரு மணி நேரத்துக்குள் அம்மாவின் வாசலில் நிற்கலாம். அந்த வேலைக் கடிதம் வந்தபோது எங்கள் இருவர் மனத்திலும் முதலில் ஓடிய கணக்கு இதுதான். சம்பளம் அதற்குப் பிறகுதான்.

நான் பார்க்காத சிந்தோக்

பல்கலைக்கழக ஊர் எனக்குப் புதிதல்ல என்று நினைத்திருந்தேன். ஊடகத்துறைப் பட்டம் படித்தது சிந்தோக்கில், வட மலேசியப் பல்கலைக்கழகத்தில். 1984இல் ஜித்ராவில் தொடங்கி 1990இல் சிந்தோக்குக்கு வந்த பல்கலைக்கழகம் அது. 1,061 ஹெக்டர் நிலம், சுற்றிலும் காடு, நடுவே ஓடும் ஆறு. பக்கத்துச் சிறு பட்டணமான சங்லூனுக்கே பத்து கிலோமீட்டர் போகவேண்டும். மூன்றரை ஆண்டு இருந்தேன். அந்த ஊர் எனக்கு அத்துப்படி என்று யார் கேட்டாலும் சொல்வேன்.

யோசித்துப் பார்த்தால் எனக்குத் தெரிந்தது விடுதி, வகுப்பறை, நூலகம், நள்ளிரவில் மீ கோரிங் கிடைக்கும் கடை. இவ்வளவுதான். பருவ விடுமுறை தொடங்கிய அன்றே பெண்டாங்குக்கு பஸ் ஏறிவிடுவேன். விடுமுறையில் அங்கே யார் இருந்தார்கள், கடைக்காரர்கள் எப்படிப் பிழைத்தார்கள், விரிவுரையாளர்களின் பிள்ளைகள் யாரோடு விளையாடினார்கள் என்று ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. நான் அந்த ஊரில் வாழவில்லை, தங்கியிருந்தேன்.

இதை எனக்குப் புரியவைத்தவள் சிந்தோக்கில் என் அறைத்தோழி. இப்போது அமெரிக்காவில், அயோவா மாநிலத்தின் ஏம்ஸ் என்ற ஊரில் இருக்கிறாள். அவள் கணவருக்கு அங்கே அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் வேலை. ஊரின் மக்கள்தொகை 66 ஆயிரத்தைச் சுற்றி. மாணவர்கள் மட்டுமே 30 ஆயிரம் பேர் இருப்பார்கள். ஊரைத் தாண்டினால் கண்ணுக்கு எட்டிய வரை சோள வயல். "நம்ம பெண்டாங் வயலை உயரமா வளத்து, ஆறு மாசம் குளிர்ப்பெட்டிக்குள்ள வெச்ச மாதிரி" என்பாள். கோயிலுக்கு மேட்ரிட் என்ற சின்ன ஊருக்குக் காரில் போகவேண்டும். ஸ்பெயின் நாட்டுத் தலைநகரின் பெயர்தான். நமக்கு ஹார்வர்ட் போல அவளுக்கு மேட்ரிட்.

நாங்கள் யோசனையில் இருப்பதைச் சொன்னேன். அவள் வாழ்த்தவும் இல்லை, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"விடுமுறையில போய்ப் பாத்தீங்களா?"

ஏம்ஸைத் தாங்கள் முதலில் பார்த்தது செப்டம்பர் மாதத்தில் என்றாள். தெருவெல்லாம் இளைஞர்கள், கடையெல்லாம் கூட்டம், எங்கே திரும்பினாலும் இசையும் விளையாட்டும். அடுத்த மே மாதம் தேர்வு முடிந்ததும் ஒரே வாரத்தில் ஊர் காலி. ஜூலைக் கடைசியில் வாடகை ஒப்பந்தங்கள் மொத்தமாக முடிகிறபோது சோபாவும் மெத்தையும் தெருவோரம் குவிந்து கிடந்தன. "அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு, இந்த ஊர்ல எனக்குன்னு மூணு பேரைத்தான் தெரியும்னு. மாணவருங்க நாலு வருசத்துல போயிடுவாங்க. நாம இருப்போம். அதனால அவங்க இல்லாதப்போ ஊர் எப்படி இருக்குன்னுதான் நாம பாக்கணும்."

விடுமுறையில் போனோம்

அவள் சொன்னபடி பருவ விடுமுறைக்காகக் காத்திருந்து கிளம்பினோம். நான், அவர், ஆறு வயது மகள். நான்கு நாள் அந்த வட்டாரத்தில் தங்கினோம்.

மாணவர்களுக்கு வாடகைக்கு விடும் வீட்டு வரிசையில் முக்கால்வாசி வீடுகள் பூட்டிக் கிடந்தன. வாசலில் செருப்பில்லாத வீடுகளைப் பார்த்து மகள், "இங்க யாருமே இல்லையாம்மா?" என்றாள். திறந்திருந்த ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். கடைக்கார அண்ணன் பேசக்கூடியவர். படிப்பு நடக்கும் மாதங்களில் எவ்வளவு அரிசி போடுவாரோ, விடுமுறையில் அதில் பாதிதான் போடுவாராம். 2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது நாட்டின் எல்லாப் பல்கலைக்கழக ஊர்களுக்கும் நடந்தது அங்கேயும் நடந்தது. மாணவர்கள் வீட்டுக்குப் போனார்கள், வகுப்புகள் இணையத்துக்குப் போயின, அந்த விடுமுறை முடியவே இல்லை. "எப்படிச் சமாளிச்சீங்க?" என்றேன். "தோட்டத்து ஆளுங்களும் தாமான் ஆளுங்களும் காப்பாத்துனாங்க. மாணவனை மட்டும் நம்பிக் கடை போட்டவங்க மூடிட்டாங்க" என்றார்.

பல்கலைக்கழகம் ஒரு ஊருக்கு உயிர் கொடுக்கும் என்பதும் உண்மைதான். பேராக் மாநிலத்துக் கம்பார் ஈயத்தால் வளர்ந்த பட்டணம். 1985இல் ஈய விலை சரிந்தபோது பிழைப்புத் தேடி இளையவர்கள் வெளியூர் போனார்கள். துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் 2007இல் அங்கே வளாகம் திறந்த பிறகு புதுக் கடைகளும் புது வீடுகளும் வந்தன. ஆனால் சுரங்கத்தை நம்பிய ஊர் இப்போது மாணவரை நம்புகிறது. ஒன்றையே நம்புவது ஒன்றையே நம்புவதுதான்.

செமிலிங், பீடோங் பக்கத்தில் எனக்குத் தெம்பு கொடுத்தது இந்த வித்தியாசம்தான். அங்கே மாணவர்கள் போன பிறகும் ஊர் இருக்கிறது. சாயங்காலம் கோயில் வாசலில் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாசார் மாலாமில் கச்சான் பூத்தே வறுத்த அக்கா, நான் வாயைத் திறந்ததும், "நீங்க ரேடியோவுல பேசுறவங்கதானே?" என்றார். கோலாலம்பூரில் என் அடுக்குமாடி வீட்டின் எதிர்வீட்டுக்காரருக்கு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று இன்றுவரை தெரியாது.

நம்மவர்களுக்கு அந்த மண்ணோடு உறவும் நேற்று வந்ததல்ல. 1025இல் ராஜேந்திர சோழனின் கப்பற்படை தாக்கிய கடாரம் அந்தக் கெடாதான். பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் காட்சியகம் மெர்போக்கில் இருக்கிறது. பீடோங்குக்கும் மெர்போக்குக்கும் நடுவே சுங்கை பத்துவில் பழங்காலத்து இரும்பு உருக்கும் உலைகளைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். மகளை அங்கே கூட்டிப்போனோம். அவளுக்குச் செங்கல்லை விட அங்கிருந்த பூனைதான் பிடித்திருந்தது. பரவாயில்லை, வயது இருக்கிறது.

யாருக்கும் கடிதம் வராத வேலை

மூன்றாம் நாள் இரவு நான் கொஞ்சம் அழுதேன். அதை மறைக்க விரும்பவில்லை.

அவருக்கு அலுவலக அறை, நாற்காலி, கதவில் பெயர்ப்பலகை எல்லாம் காத்திருந்தன. மகளுக்குத் தமிழ்ப்பள்ளி இருந்தது. அம்மாவுக்கு நான் பக்கத்தில் இருப்பேன். எனக்கு? கணவனுக்கோ மனைவிக்கோ சின்ன ஊரில் வேலை கிடைத்தால் மற்றவர் என்ன செய்வது என்ற கேள்வி உலகம் முழுக்க இருக்கிறது. அமெரிக்காவின் பல பல்கலைக்கழகங்களில், வேலைக்கு எடுத்தவரின் வாழ்க்கைத் துணைக்கும் வேலை தேட உதவுவதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறதாம். துணைக்கு வேலை இல்லையென்றால் நல்ல விரிவுரையாளர் இரண்டே ஆண்டில் மூட்டை கட்டிவிடுவார் என்று பட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் அந்தப் பிரிவு சாப்பாட்டு மேசைதான். நாமே பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

வானொலி வேலையில் பாதியை எங்கிருந்தும் செய்யலாம். கட்டுப்பாட்டுக் காலத்தில் துணி அலமாரியைத் திறந்து, சேலைகளுக்கு நடுவே ஒலிவாங்கியை வைத்துப் பேசியிருக்கிறேன். சேலை எதிரொலியை நன்றாக உறிஞ்சும். முன்கூட்டியே பேசிப் பதிவு செய்து அனுப்பினால், பாட்டுகளுக்கு நடுவே அதைக் கணினி பொருத்திவிடும். கேட்பவருக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் எனக்குத் தெரியும். காலை ஏழு மணிக்கு நெரிசலில் மாட்டிக்கொண்ட லாரி ஓட்டுநர் அழைத்து, மகள் தேர்வில் தேறிவிட்டாள் என்று தொண்டை அடைக்கச் சொல்கிற அந்த நிமிடத்தைப் பதிவு செய்து அனுப்ப முடியாது. காலை நிகழ்ச்சியை விடவேண்டியிருக்கும். அதில் சமரசம் இல்லை.

அவர் ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "வேணாம்னு எழுதிடவா?" என்றார். கேட்டதற்கு நன்றி. ஆனால் அதுவும் பதிலாகத் தெரியவில்லை.

அம்மா சொன்னது

நான்காம் நாள் பெண்டாங் போனோம். மகளைப் பள்ளியில் சேர்ப்பது பற்றிப் பேச்சு வந்தது. கெடாவில் பள்ளிகளுக்கு வெள்ளியும் சனியும்தான் விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை காலை அவள் புத்தகப் பையோடு கிளம்ப வேண்டும். நான் அப்படித்தான் வளர்ந்தேன், ஆனால் மறந்தே போய்விட்டது. குடும்பத்தில் மூன்று பேருக்கும் ஒரே நாளில் விடுமுறை வருமா என்பதைக்கூட விசாரிக்க வேண்டும் என்று அப்போதுதான் குறித்துக்கொண்டோம்.

அம்மா வெற்றிலை மடித்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"என்னைப் பாத்துக்கதான் வர்றேன்னு வராதே" என்றார். "நாளைக்கு உனக்கு ஒரு குறை வந்தா, அம்மாவால வந்தேன்னு தோணும். சொல்லமாட்டே, ஆனா தோணும். உனக்கு அங்க என்ன இருக்குன்னு பாரு. இருந்தா வா. நான் பக்கத்துல இருக்கறது கூடக் கிடைச்ச லாபம்னு வெச்சுக்க."

பால்மரம் வெட்டியவருக்குக் கணக்குத் தெரியும்.

திரும்பி வரும் வழி முழுக்க எனக்கு அங்கே என்ன இருக்கிறது என்று யோசித்தேன். பதில் அம்மாவின் வீட்டிலேயே இருந்தது. தோட்டத்துக் கதைகளை அந்தத் தலைமுறையின் சொந்தக் குரலில் பதிவு செய்து ஒலிபரப்ப வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பிரட்டுக்களம், லயத்து வீடு, தண்டல், கிராணி, தோட்டத்துத் திருவிழா, தோட்டத்தை விட்டு வெளியேறிய நாள். எண்பதைத் தொட்டவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். கோலாலம்பூரில் காலை மூன்றரை மணிக்கு எழுந்திருப்பவளுக்கு அதற்கு நேரமே கிடைத்ததில்லை. கெடாவில் இருந்தால் அவர்கள் ஒவ்வொருவரும் கார் ஓட்டும் தூரத்தில் இருப்பார்கள்.

நிலையத்தில் கேட்டேன். வாரம் ஒரு மணி நேரம், பதிவு செய்த நிகழ்ச்சி, ஆறு மாதம் பரீட்சார்த்தமாக என்றார்கள். சம்பளம் இப்போது வாங்குவதில் பாதிக்கும் கீழே. ஆறு மாதத்துக்குப் பிறகு என்ன என்று யாரும் உறுதி சொல்லவில்லை. ஒரு ராத்திரி முழுக்க வாடகை, கார்த் தவணை, பெட்ரோல் என்று எழுதிக் கூட்டினோம். இழுத்துப் பிடித்தால் சரியாக வந்தது.

கிளம்பும் முன் கேட்டுக்கொள்ள

வேலை நிமித்தம் சின்னப் பல்கலைக்கழக ஊருக்குப் போகலாமா என்று யோசிக்கும் இளம் குடும்பங்கள் இதைப் படிக்கக்கூடும். எங்கள் நோட்டுப் புத்தகத்திலிருந்து:

• ஊரை விடுமுறையில் ஒருமுறை பாருங்கள். எந்தக் கடை திறந்திருக்கிறது, சாயங்காலம் யார் வெளியே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள்.

• வேலைக் கடிதம் வராதவருக்கு அங்கே என்ன இருக்கிறது? "போன பிறகு பார்த்துக்கலாம்" என்பது பதில் ஆகாது.

• பள்ளி நாளும் அலுவலக நாளும் ஒத்துப்போகின்றனவா? மாநிலம் மாறினால் வார விடுமுறையும் மாறலாம்.

• பெரியவர்களுக்காகப் போவதானால், முதலில் அவர்களையே கேளுங்கள்.

• முதல் ஆண்டு வீடு வாங்காதீர்கள். வாடகைக்கு இருங்கள். வாடகைக்கு எடுக்கும்போது பக்கத்து வீட்டில் இருப்பவர்கள் மாணவர்களா குடும்பமா என்று பாருங்கள்.

பதில் கடிதம் போன வாரம் போய்விட்டது. அவர் முதலில் போய்ச் சேர்கிறார். பள்ளி ஆண்டு முடிந்ததும் நானும் மகளும் போவோம். சரியான முடிவா என்று இன்றைக்கு என்னால் சொல்ல முடியாது. ஒரு விடுமுறைக் காலத்தை அங்கே முழுதாகக் கழித்த பிறகுதான் தெரியும்.

அம்மாவிடம் சொன்னபோது, "அப்போ காலையில நான் யார் குரலைக் கேக்குறது?" என்று மட்டும் கேட்டார். "நேர்ல வந்து பேசுறேன்மா" என்றேன். "பாக்கலாம்" என்றார்.

நேயர்களுக்கு இன்னும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வதென்று தெரியாமல்தான் முதலில் இங்கே எழுதினேன். ஆண்டுக் கடைசி வரைக்கும் இருக்கிறேன். நாளை காலை ஆறு மணிக்கு, வழக்கம்போல் சந்திப்போம்.